வாகனம் மறித்துப் போகிறவனின் விதிகள்

டூங்கபி ரயில் நிலையத்தில் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டால், என் பக்கத்து வீட்டுக்காரர் காரை ஓரங்கட்டி ஏறச் சொல்வார். நான் உடனே ஏற மாட்டேன். ஜன்னலில் குனிந்து, "நீங்கள் எங்கே போகிறீர்கள்?" என்று கேட்பேன். மனிதர் வேறெங்கே போவார்? இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே வேலி. முதல் தடவை சிரித்தார். இரண்டாம் தடவை ஒரு மாதிரிப் பார்த்தார். இப்போது நான் வாயைத் திறக்கும் முன்பே "வீட்டுக்கு" என்று சொல்லிவிடுகிறார்.

யுத்த காலத்தில் நான் வன்னியில் வாத்தியாராக இருந்தேன். வீடு மன்னாரில். பஸ் என்பது வந்தால் உண்டு. ஆகவே லொறி, உழவு மெஷின், மாட்டுத்தீவன வண்டி என்று எது வந்தாலும் கையைக் காட்டி மறித்து ஏறிவிடுவேன். குழிகளில் விழுந்தெழும்பி ஊர் வந்து சேரும்போது முதுகு என்னுடையதாக இருக்காது. ஆனால் உயிரோடு சேர்ந்தேன். அதற்குக் காரணம் என் விதிகள்தான் என்று இந்த நாட்டில் குடியேறிய பிறகு ஒவ்வொரு பிறந்தநாள் விருந்திலும் அளந்திருக்கிறேன். சாரதி எங்கே போகிறான் என்று முதலில் கேட்க வேண்டும். நாம் போகுமிடத்தைச் சொல்லக் கூடாது, வழியில் வரும் ஏதாவது ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும். மிதிவெடி இருக்கும், தார் வீதியை விட்டுப் புல்லில் கால் வைக்கக் கூடாது. பெயர் கேட்கக் கூடாது. நமக்குத் தெரியாததை எவனும் நம்மை அடித்து வாங்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருமுறை சொன்ன கதையை மாற்றக் கூடாது. எங்களோடு லொறியில் வந்த ஒருவர் சோதனைச்சாவடியில் முதலில் முருங்கன் என்றார், பிறகு மடு என்றார். அவரை மட்டும் இறக்கினார்கள். லொறி கிளம்பியது. நாங்கள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சென்ற வருடம் என் மகள் மெலனிக்கு மலைகளுக்கு அப்பால் ஒரு சிறிய ஊரில் ஆசிரியை வேலை கிடைத்தது. ஒரு காலை அழைத்தாள். குடல்வால் வீங்கிவிட்டதாம், பின்னேரமே ஒப்பரேசனாம். எப்போதும் ஆங்கிலத்தில் பேசுகிறவள் அன்று தமிழில் பேசினாள். "அப்பா, பயமா இருக்கு. உள்ளுக்குக் கொண்டுபோக முதல் வந்திடுவீங்களா?"

"ஓம் மகள். இப்பவே வெளிக்கிட்டு வாறன்."

மனைவி மெல்பேர்னில், ரோவிலில் தங்கையின் வீட்டில் நின்றாள். நான் தனியே கிளம்பினேன். மலை தாண்டி, ஆடுகளைத் தவிர ஆளில்லாத ஒரு வெளியில் கார் இருமிவிட்டு நின்றது. போனில் சிக்னல் இல்லை. சரி, இது நமக்குத் தெரியாத தொழிலா என்று இறங்கினேன். பயத்துக்குள்ளும் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

முதல் இரண்டு கார்களும் ஹோர்ன் அடித்துக்கொண்டு என்னைச் சுற்றிப் பறந்தன. புத்தியுள்ளவன் புல்லோரம் நின்று கை காட்டுவான். நான் தாரின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். மூன்றாவதாக, பின்னால் திறந்த பெட்டியுள்ள வெள்ளை யூட் வண்டி ஒன்று நின்றது. தொப்பி போட்ட ஒரு வயதான வெள்ளைக்காரி. வழக்கப்படி நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். "ஆஸ்பத்திரிக்கு, கணவரைப் பார்க்க" என்று, மெலனி கிடக்கும் அதே ஆஸ்பத்திரியைச் சொன்னார். பிறகு, "நீ?" என்றார்.

"அடுத்த பெற்றோல் ஷெட்டில் இறக்கிவிட்டால் போதும்" என்றேன்.

மூளை எழும்ப முதல் நாக்கு எழும்பிவிட்டது. இனிக் கதையை மாற்ற முடியாது. அங்கே ஆள் வந்து கூட்டிப்போவார்களா என்று அவர் அக்கறையாகக் கேட்டார். மெக்கானிக் வருவான் என்றேன். இல்லாத மெக்கானிக்குக்கு ஒரு பெயர்கூடத் தயாராக வைத்திருந்தேன். பெற்றோல் ஷெட் வந்தது. இறங்கினேன். இந்தப் பூமியில் என் மகளிடம் நேராகப் போகும் ஒரே வாகனத்துக்கு மரியாதையாக நன்றி சொல்லி, கையும் அசைத்து அனுப்பிவைத்தேன்.

வண்டி கொஞ்சத் தூரம் போன பிறகுதான் மூளை எழும்பியது. பயந்து கிடக்கும் பிள்ளைக்கு வாறன் என்று சொல்லிவிட்டு, நான் இங்கே யாரிடமிருந்து தப்பிக்கொண்டிருக்கிறேன்? நல்லவேளை, முன்னால் வீதி திருத்த வேலை. ஒருவன் பலகையைத் தூக்கிப்பிடித்து வாகனங்களை நிறுத்தியிருந்தான். ஓடினேன். வளைவைச் சுற்றினால் பிடிக்க முடியாது என்று முழங்கால் உயரப் புல்லுக்குள் விழுந்து குறுக்கே ஓடினேன். மிதிவெடி நினைவே வரவில்லை. ஜன்னலில் தட்டினேன்.

"நான் பொய் சொன்னேன். என் மகள் அதே ஆஸ்பத்திரியில். ஒப்பரேசன். தனியே இருக்கிறாள்."

இனி என்னை இறக்கிவைத்து விசாரிப்பார் என்று உடம்பு காத்திருந்தது. அவர் கதவைத் திறந்தார். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார். எதிலிருந்து தொடங்குவது? "எங்கள் நாட்டில் வீதிகள் சரியில்லை" என்றேன்.

"இங்கே மட்டும் என்ன வாழுகிறது!" என்று கொதித்துவிட்டார். போன மழையில் தன் வண்டியின் டயர் குழியில் வெடித்த கதையையும், கவுன்சில்காரரின் சோம்பேறித்தனத்தையும் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். நானும் ஓம் ஓம் என்று தலையாட்டினேன்.

தள்ளுகட்டிலை உருட்டத் தொடங்கியிருந்தார்கள். மெலனி என் காற்சட்டையில் ஒட்டியிருந்த புல்லைப் பார்த்தாள். என் கையை இறுக்கிப் பிடித்தாள். கதவு மூடியபின் நான் சுவரைப் பார்த்தபடி நின்று அழுதேன்.

மயக்கம் தெளிந்ததும் கேட்டாள். "ஆரப்பா உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தது?"

"ஒரு மனுசி."

"பேரென்ன?"

"கேக்கேல்லப் பிள்ளை."

"சீரியஸ்லி அப்பா? ஒரு தாங்க்ஸாவது சொல்ல வேணாமே?"

கீழே ஓடினேன். யூட் போய்விட்டது. எந்தப் பெயரைச் சொல்லி யாரிடம் விசாரிப்பது? என்னிடம் இருந்ததெல்லாம் வாகன இலக்கம்தான். ஏறும்போதே, என்னை அறியாமல், மனப்பாடம் செய்திருக்கிறேன். இப்போதும் தலைகீழாகச் சொல்வேன். டூங்கபிச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு வெள்ளை யூட் ஒன்று முன்னால் நின்றால் முதலில் இலக்கத்தைப் பார்க்கிறேன். ஊரில், ஆளைப் பிடிக்க வந்த வண்டியோ என்று பயத்தில் இலக்கம் பார்த்தேன், இங்கே நன்றி சொல்லப் பார்க்கிறேன். நெஞ்சுக்கு அந்த வித்தியாசம் இன்னும் தெரியவில்லை, பழையபடியேதான் அடித்துக்கொள்கிறது.