தானாகப் போன பதில்

ஏழுமலை வீடு திரும்பாமல் போனதற்கு நான்தான் காரணம்.

இதை இதுவரை ஒரே ஒருவரைத் தவிர வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை. கணவரிடம் சொல்லவில்லை. ஏழுமலையின் அக்காவிடம்... ஐயோ, அவளிடம் எந்த வாயால் சொல்வேன்! உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்ற தைரியத்தில் சொல்கிறேன். அந்தத் தைரியமும் ஒருவகைக் கோழைத்தனம்தான். தெரியும்.

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஓர் உரக்கடையை ஒட்டிய அறையில் பன்னிரண்டு ஆண்டுகளாக இணையதளங்களைப் பராமரித்து வருகிறேன். கல்யாண மண்டபம், அரிசி ஆலை, தனியார் பள்ளிகள், விதைக்கடை என்று முப்பது தளங்கள் என் பொறுப்பில் இருக்கின்றன. அறையின் ஒரு மூலையில் ஜெராக்ஸ் இயந்திரமும் உண்டு.

இந்த வேலையின் அலுப்பு வெளியில் தெரியாது. பேக்கப் எடுக்க வேண்டும். பழைய கோப்புகளை அழிக்க வேண்டும். மின்னஞ்சல் பெட்டி நிறைந்தால் காலி செய்ய வேண்டும். நேற்றுச் செய்ததையே இன்றும், இன்று செய்ததையே நாளையும்... வீட்டுக்குப் போனால் படுக்கையில் கிடக்கும் மாமனார். அவருக்குத் துணி மாற்றி, கஞ்சி கொடுத்துவிட்டு நிமிர்ந்தால் முதுகு என்னுடையது போலவே இருக்காது.

கன்னியம்மாள் என் அறைக்குள் வந்தது ஒரு மாசி மாதத்து வெயிலில். மாகறலிலிருந்து பேருந்து ஏறி வந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு புகைப்படமும், யாரோ எழுதிக் கொடுத்த தாளும். நூறு பிரதி வேண்டும் என்றாள். தாளின் தலைப்பு: காணவில்லை.

"என் தம்பிம்மா. பேரு ஏழுமல. பொங்கலுக்கு மறுநாள் போனவன். புத்தி கொஞ்சம் செரியில்ல, ஆனா யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டான். பேரு கேட்டா சொல்லுவான், ஊரு கேட்டா சொல்லுவான். அவ்ளோதான் தெரியும் அவனுக்கு."

போலீசில் எழுதிக் கொடுத்தாயிற்று என்றாள். காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்று தேடிக்கொண்டிருக்கிறோம் என்றாள். படத்தில் நாற்பது வயது மனிதன் ஒருவன் குழந்தையைப்போலச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்!

"நெட்லயும் போடலாம்க்கா. காசெல்லாம் வேணாம். எங்கயாவது பாத்தவங்க எழுதுவாங்க."

"நெட்ல போட்டா எம்மாந்தொல தெரியும்?"

"எல்லா ஊர்லயும் தெரியும்க்கா."

அன்றே என் தளத்தில் ஏழுமலைக்கு ஒரு பக்கம் போட்டேன். புகைப்படம், அங்க அடையாளம், கன்னியம்மாளின் போன் நம்பர், கீழே செய்தி எழுதி அனுப்ப ஒரு படிவம். நான் செய்த நல்ல காரியம் என்று அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

பத்தே நாளில் அவள் திரும்பி வந்தாள்.

"போன எடுக்கவே பயமா கீது தங்கச்சி. எவன் எவனோ பேசறான். ஒன் தம்பி எங்கிட்டதான் கீறான், பணம் அனுப்பு, காட்டறேன்றான்."

"நம்பரை எடுத்துடறேன்க்கா. இனிமே யாரா இருந்தாலும் எனக்குத்தான் எழுதணும். நான் படிச்சிட்டு உண்மையா இருந்தா மட்டும் உங்களுக்குச் சொல்றேன்."

"அப்போ நீயே பாத்துக்கோ. எனக்கு இன்னா தெரியும்..."

இப்படித்தான் அவளுக்கும் அவள் தம்பிக்கும் நடுவே நானே போய் நின்றேன். யாரும் என்னை அங்கே நிறுத்தவில்லை.

முதலில் தினமும் படித்தேன், உண்மையாகவே! ஆனால் அந்தப் படிவத்தை மனிதர்களைவிட இயந்திரங்களே அதிகம் நிரப்பின. கடன் வேண்டுமா, மருந்து வேண்டுமா, உங்கள் தளத்தை முதலிடத்துக்குக் கொண்டுவரட்டுமா... ஒரு நாளைக்கு முந்நூறு. பெட்டி நிறைந்து வழிந்தால் அதே சர்வர் இடத்தைப் பகிர்ந்துகொண்ட மற்றத் தளக்காரர்களின் மின்னஞ்சலும் நின்றுபோகும். அரிசி ஆலைக்காரர் சத்தம் போட்டார். பள்ளிக்கூடத்திலிருந்து நான்கு முறை போன் வந்தது.

சித்திரையில் ஒரு நாள் கண்ட்ரோல் பேனலைத் திறந்தேன். குறித்த நேரத்தில் தானாக ஓடும் கட்டளையை அதில் எழுதி வைக்கலாம். க்ரான் ஜாப் என்பார்கள். ஒவ்வொரு ஞாயிறும் காலை ஆறு மணிக்கு, ஏழு நாளுக்கு முந்தைய செய்திகளையெல்லாம் அந்தப் பெட்டியிலிருந்து அழித்துவிடு... ஒரே ஒரு வரிதான். எழுதிச் சேமித்தேன்.

அப்போது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? முதுகிலிருந்து யாரோ மூட்டையை இறக்கி வைத்ததுபோல இருந்தது! அதே மதியம் பேக்கப், பழைய பதிவுகளை நீக்குவது என எல்லாவற்றையும் தானாக ஓடும்படி செய்துவிட்டேன். மற்றவை எதனாலும் யாருக்கும் கெடுதல் வரவில்லை. இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

அழிவதற்குள் வாரம் ஒருமுறை படித்துவிடுவேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இரண்டு வாரம் படித்தேன். மூன்றாவது வாரம் மாமனாரை மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். நான்காவது வாரம்... காரணம் எதுவும் இல்லை. அலுப்பு. அவ்வளவுதான்.

கன்னியம்மாள் மாதம் இரண்டு முறையாவது வருவாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, உட்காராமல் நின்றபடியே கேட்பாள்.

"எதனா சேதி வந்துச்சா தங்கச்சி?"

"தினமும் பாக்கறேன்க்கா. ஒண்ணும் வரல."

தினமும் பார்க்கிறேன்! அந்தப் பெட்டியைத் திறந்தே இரண்டு மாதமாகியிருந்தது. கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை அவள் கேட்டாள், நான் அதையே சொன்னேன், அவள் போனாள். படியிறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். ஏனோ அன்று மனது உறுத்தியது. பெட்டியைத் திறந்தேன். ஆங்கிலக் குப்பைக்கு நடுவே, ஆறாவது பக்கத்தில், தமிழில் ஒரு செய்தி. இரண்டு நாள் முன்பு வந்தது.

"அம்மா, போன மாதமே இரண்டு முறை உங்களுக்கு எழுதினேன். ஒருவரும் பேசவில்லை. நான் அரக்கோணத்துக்காரன். ஆந்திராவில், கூடூர் ரயில் நிலைய வாசலில் டிபன் கடை வைத்திருக்கிறேன். உங்கள் படத்தில் இருப்பவர் மாதிரி ஒருவர் இங்கே இருந்தார். எந்த ஊர் என்று கேட்டால் மாகறல் என்பார். அந்தப் பெயரைப் போட்டுத் தேடித்தான் உங்கள் பக்கத்தைக் கண்டுபிடித்தேன். இருபது நாள் என் கடையில்தான் சாப்பிட்டார். பத்து நாளாக அவரைக் காணவில்லை. ரயில் ஏறிவிட்டார் என்று நினைக்கிறேன். சேகர்."

கீழே போன் நம்பர்.

எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. பிறகு சர்வரின் பதிவேட்டைத் தோண்டினேன். முதல் இரண்டு முறை அவருடைய முகவரியிலிருந்து படிவம் நிரப்பப்பட்ட தேதிகள் அதில் இருந்தன, செய்திகள் இல்லை. இரண்டையும் அழித்த ஞாயிறுகளைக் கணக்கிட்டேன். அதில் ஒரு ஞாயிறு நாங்கள் சாலவாக்கத்தில் உறவினர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தோம். போனில் படம் இருக்கிறது. இலைக்கு முன்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

கன்னியம்மாளுக்குப் போன் செய்தேன். பாதி வழியில் இறங்கி அடுத்த பேருந்தில் திரும்பி வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "படிச்சிக் காட்டு தங்கச்சி" என்று திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

படித்தேன். "நான் அரக்கோணத்துக்காரன்" என்ற இடத்திலிருந்து படித்தேன்.

"மாகறல்னு சொன்னானா?" என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உயிரோட கீறான்! தங்கச்சி, உயிரோட கீறான்!"

அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் அந்தச் சந்தோஷத்தில் என்னை மன்னித்துக்கூட இருப்பாளோ... யாருக்குத் தெரியும்!

மறுநாள் கூடூருக்கு அவளோடு நானும் போனேன். எனக்காக வருகிறாளே என்று அவள் உருகிப்போனாள். உண்மையைச் சொல்கிறேன்: பயந்துதான் போனேன். சேகரும் அவளும் தனியாகப் பேசிவிடக் கூடாதே என்று போனேன். விடிவதற்குள் பேருந்து, சென்னையிலிருந்து ரயில், போய் இறங்கும்போது உச்சி வெயில்.

இறங்கியதும் கன்னியம்மாள் படத்தை எடுத்துக்கொண்டு போர்ட்டர்களிடம் ஓடினாள். மொழி தெரியாமல் "தம்பி, என் தம்பி" என்று நெஞ்சில் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் நேரே டிபன் கடைக்குப் போனேன்.

சேகர் என்னைவிட இளையவர். யார் என்று சொன்னதும் கரண்டியை வைத்துவிட்டு வந்தார்.

"மூணு வாட்டி எழுதினேம்மா. நம்பரும் குட்த்தேன். ஏன் ஒருத்தரும் பேசல?"

"எங்களுக்கு வந்து சேரலைங்க. சர்வர்ல ஏதோ கோளாறு..."

"வரலையா?" கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். "இத பாருங்க. எழுதின ஒடனே பதில் வந்துச்சே!"

பார்த்தேன். உங்கள் செய்தி கிடைத்தது. மிக்க நன்றி. விரைவில் உங்களைத் தொடர்புகொள்வோம். கீழே என் தளத்தின் பெயர்.

அந்த மூன்று வாக்கியங்களும் நான் எழுதியவை. யார் படிவம் நிரப்பினாலும் தானாகப் போகும் பதில் அது. இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தி, அழகாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போட்டது.

"இத நம்பித்தாம்மா அந்தாள இங்கியே ஒக்கார வச்சேன்" என்றார் சேகர். "நடுவுல ரயில்வே போலீஸ்காரர் ஒருத்தர் வந்து, ஹோம்ல சேத்துடறேன்னு கூப்ட்டாரு. நான்தான், வேணாம் சார், அவங்க வூட்ல பதில் போட்டுட்டாங்க, வந்துகினே கீறாங்கன்னு சொல்லி அனுப்சிட்டேன். அந்தாளும் தெனம் கேப்பாரு, அக்கா வர்தா, அக்கா வர்தான்னு..."

என்னால் அதற்குமேல் பொய் சொல்ல முடியவில்லை.

"அது தானா போற பதிலுங்க. நான் பாக்கல."

"தானாவா?"

"யார் எழுதினாலும் போகும். நீங்க எழுதினதை நான் படிக்கறதுக்குள்ள அதுவே அழிஞ்சிடுச்சி. நான்தான் அப்படி வச்சிருந்தேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்! வாசலைத் தாண்டிப் பிளாட்பாரத்தைப் பார்த்தார். அங்கே கன்னியம்மாள் தண்ணீர் பாட்டில் விற்கும் ஒருவனிடம் படத்தை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நான் சொல்ல மாட்டேன். எனக்கு வாய் வராது. நீங்க சொல்லிடுங்க."

தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலைத்தான் இன்றுவரை நான் காப்பாற்றவில்லை.

சாயங்காலம்வரை தேடினோம். அவன் உட்கார்ந்திருந்த இடத்தைச் சேகர் காட்டினார். சுவரோரம், ஒரு வேப்பமரத்து நிழல். கன்னியம்மாள் அங்கே போய்த் தரையில் உட்கார்ந்தாள். கையால் மண்ணைத் தடவினாள். நான் எழுந்திருங்க என்று சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை.

திரும்பும் ரயிலில் என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள்:

"நீ இல்லன்னா இந்தச் சேதி கூட வந்திருக்காது. கூடப் பொறந்தவ மாதிரி வந்துகீற. உன் புள்ளைங்க நல்லா இருக்கணும்."

வாயைத் திறந்தேன்...

"ஏதாவது சாப்பிடறீங்களாக்கா?" என்று கேட்டேன்.

அந்தக் கட்டளையை நீக்கிவிட்டேன். தானாகப் போகும் பதிலையும் நிறுத்திவிட்டேன். இப்போது வருகிற குப்பை முழுவதையும் ஒன்றுவிடாமல் நானே படிக்கிறேன். நெல்லூர், விஜயவாடா, இன்னும் பேர் தெரியாத ஊர்களின் காவல் நிலையங்களுக்கும் காப்பகங்களுக்கும் படம் அனுப்பியிருக்கிறேன். ஏழுமலை கிடைக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

இதையெல்லாம் சொல்வதால் என் குற்றம் குறையும் என்று நினைக்கிறேனா? இயந்திரம் என்ன செய்தது? நான் சொன்னதைச் சொன்னபடி செய்தது. ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. சலித்துப்போனவள் நான். சலித்துப்போனேன் என்று அவளிடம் ஒப்புக்கொள்ளாதவளும் நான். "இனி என்னால் பார்க்க முடியாதுக்கா, உங்கள் நம்பரையே போட்டுவிடட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், சேகர் அவளுக்கே பேசியிருப்பார். அடுத்த ரயிலில் போயிருப்பாள். அழைத்து வந்திருப்பாள்!

கன்னியம்மாள் இன்னமும் வருகிறாள். வரும்போது வெறுங்கையோடு வருவதில்லை. வேர்க்கடலை, முருங்கைக்கீரை, அவரைக்காய். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்கிறாள். வீட்டில் சமைக்கிறேன். என்னால் சாப்பிட முடிவதில்லை. கணவர் நன்றாக இருக்கிறது என்கிறார்.

போன வாரம் தன்னோடு ஒருவரை அழைத்து வந்திருந்தாள். செய்யாற்றங்கரையில் ஏதோ ஓர் ஊர். அறுபதைத் தாண்டியவர். மனைவிக்கு ஞாபகம் சரியில்லையாம், கோயிலுக்குப் போனவள் திரும்பவில்லையாம். ஒன்பது நாள் ஆகிறதாம். சட்டைப்பையிலிருந்து ஒரு கல்யாணப் படத்தை எடுத்தார். அதில் மனைவியின் தலையைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்.

"இவங்க கையில குட்த்துடுங்க" என்றாள் கன்னியம்மாள் அவரிடம். "நெட்ல வர்றத ஒண்ணு வுடாம பாப்பாங்க. என் தம்பி சேதியக் கண்டுபுட்ச்சவங்களே இவங்கதான்."

அவர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

இவர்கள் இருவரும் இருக்கும்போதே சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. கன்னியம்மாளின் முகத்தைப் பார்த்தேன். அவள் எனக்காகப் பெருமைப்பட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.

படத்தை வாங்கிக்கொண்டேன். பெயர் என்ன, வயது என்ன, கடைசியாகக் கட்டியிருந்த புடவை என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தட்டச்சு செய்யத் தொடங்கினேன்.