ஆறு மணிக்கு மேல் வேண்டிய விடுப்பு

மகளுக்கு எட்டு மாதம் ஆனபோது திண்டுக்கல்லில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை. கணவர் லோடு வண்டி ஓட்டுகிறார். அவர் ஒருவர் சம்பளத்தில் வீடு ஓடவில்லை. பால் மறக்காத பிள்ளையை விட்டுவிட்டுப் போவது சரிதானா என்று சேரும் முன்பும் யோசித்தேன், சேர்ந்த பிறகும் யோசித்தேன். எங்கள் ஊர் அகரத்தில் அடுத்த வீட்டில் இருக்கும் நாத்தனார்தான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். பகலில் கஞ்சி, கூழ் எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவாள். பொழுது சாய்ந்துவிட்டால் நான்தான் வேண்டும். புட்டியை வாயருகே கொண்டுபோனாலே தட்டிவிடுவாள்.

ஆறே கால் பஸ்ஸைப் பிடித்தால் ஆறே முக்காலுக்கு வீட்டில் இருக்கலாம். முதல் மாதம் அதை ஒருநாள்கூட நான் பிடிக்கவில்லை.

ஆறு மணிக்கு மாடிப்படி ஓரத்தில் இருக்கும் வருகைப்பதிவு மெஷினில் எல்லோரும் பெருவிரலை வைப்போம். வைத்துவிட்டு மறுபடி மேலே ஏறுவோம். அன்று வாடிக்கையாளர்கள் விரித்துப் பார்த்துவிட்டுப் போட்ட சேலைகள் மலையாகக் கிடக்கும். "செத்த நேரம் மடிச்சுக் குடுத்துட்டுப் போங்கத்தா" என்பார் எங்கள் மாடி மேனேஜர். பழைய மடிப்பு மாறாமல், பார்டர் வெளியே தெரிய, லேபிள் மேலே இருக்க மடித்துக் கவரில் போடவேண்டும். சில்க் காட்டன் கையில் நிற்கும். சிந்தெட்டிக் நழுவி ஓடும். அந்தச் செத்த நேரம் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்ததே இல்லை. முதல் வாரம் இன்றைக்கு மட்டும்தான் போலிருக்கிறது என்று தினமும் நினைத்தேன். ஐந்து மணியிலிருந்தே மார்பில் பால் கட்டிக்கொள்ளும். ஜாக்கெட்டுக்குள் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு, சேலையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து மடிப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு வீட்டுக்குப் போனபோது மகள் அழுது அழுது தூங்கிவிட்டிருந்தாள். உதடு காய்ந்திருந்தது. எழுப்பினேன், எழவில்லை. நாத்தனார் கோபப்படாமல்தான் சொன்னார்: "நேரத்துக்கு வா. இல்ல வேலைய விட்ரு. இந்த அழுகைய என்னால கேக்க முடியல பிள்ள."

மேனேஜரிடம் வாய்விட்டுக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. பள்ளிக்கூடத்தில் எது வேண்டுமென்றாலும் லெட்டர் எழுதத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, அனுப்புநர், பெறுநர் எல்லாம் போட்டு எழுதினேன். 'பொருள்: தினமும் மாலை 6 மணி முதல் 7 மணி வரை விடுப்பு வேண்டுதல். ஐயா, என் கைக்குழந்தைக்குப் பாலூட்ட வேண்டியிருப்பதால், ஆறு மணிக்கு மேல் நடைபெறும் சேலை மடிக்கும் வேலையிலிருந்து எனக்கு விடுப்பு அளிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.' ஆண்பிள்ளை படிப்பாரே என்று 'பாலூட்ட' என்பதை அடித்து 'கவனிக்க' என்று போட்டேன். அப்புறம் காரணம் பொய்யாகிவிடுமோ என்று முழுவதையும் புதிதாக எழுதினேன். 'வேலை' என்ற சொல்லைப் பற்றி யோசிக்கவே இல்லை. அந்த இடத்தில் வேறு சொல் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

திங்கள்கிழமை கொடுத்தேன். நின்றபடியே படித்த மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னத்தா இது?"

"லீவ் லெட்டர் சார்."

"ஆறு மணிக்கு மேல எதுக்கு லீவு? ஆறு மணிக்குத்தான் டூட்டி முடிஞ்சிருதே."

"முடிஞ்சிருது சார். அதுக்கப்புறம் மடிக்கிறோம்ல, அதுக்கு."

"அது வேலையா? செத்த நேரம் கூடமாட நிக்கிறது."

"வேற என்ன போடணும்னு தெரியல சார். மாத்தி எழுதிட்டு வரவா?"

உண்மையாகவே கேட்டேன். எங்கள் பிரிவில் பத்து வருஷமாக இருக்கும் பேகம்பூர் அக்கா, பக்கத்தில் விரித்துக்கொண்டிருந்த சேலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துச் சிரித்தார்.

மேனேஜர் பேனாவை எடுத்தார். லெட்டரின் அடியில் கொண்டுபோய் நிறுத்தினார். எழுதவில்லை. அனுமதி என்று எழுதினால் ஆறு மணிக்கு மேல் வேலை இருக்கிறது என்று அவரே கையெழுத்துப் போட்டதாகும். அனுமதி இல்லை என்று எழுதினால் அதைவிட மோசம். இதெல்லாம் பிறகுதான் எனக்குப் புரிந்தது. அப்போது ஏதோ எழுத்துப்பிழை என்றுதான் பயந்தேன்.

"இத வேற யாருட்டயும் காட்டுனியா?"

"இல்ல சார். ஆபீஸுக்கு ஒரு ஜெராக்ஸ் குடுக்கணுமா?"

"வேணாம், வேணாம்!" நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "மெஷின்ல நீ ஆறு மணிக்கே போயிட்டதாத்தான் இருக்கு. போனவளுக்கு எதுக்கு லீவு?"

"அப்ப போகலாமா சார்?"

"போ தாயி. மொதல்ல போ."

அன்று சாயங்காலம் விரலை வைத்துவிட்டுப் படியில் கீழே இறங்கினேன். யாரும் கூப்பிடவில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று, கோபத்தில் சொல்லியிருப்பாரோ, திரும்பிப் போய் மடித்துக் கொடுத்துவிடலாமோ என்று நினைக்கும்போதே பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன். ஆறே முக்காலுக்கு மகள் என் மடியில் இருந்தாள்.

மறுநாள் அக்கா, "நேத்து உன் சேலையெல்லாம் நான்தான் மடிச்சேன்" என்றார்.

"மன்னிச்சுக்கங்கக்கா, இன்னைக்கு நான் நின்னு..."

"அட லூசு, அதுக்குச் சொல்லல. எனக்கும் ஒண்ணு எழுதிக் குடு. கைப்பிள்ளைக்கு நான் எங்க போக? முட்டி வலின்னு போடு."

மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் இன்னும் நாலு பேர் வந்துவிட்டார்கள். "மாமியாளுக்குப் பயந்துன்னு எழுதலாமா?" என்று ஒருத்தி கேட்டாள். ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு காரணம். 'சேலை மடிக்கும் வேலையிலிருந்து' என்ற வரி மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றுதான். எழுதும்போதே யோசித்தேன். இதனால் யாருக்காவது வேலை போனால் அது என் கையெழுத்தால் அல்லவா?

மூன்றாவது லெட்டரை மேனேஜர் படிக்கவே இல்லை. தலையை நிமிர்த்தி என்னைத்தான் பார்த்தார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அந்த வாரம் முடிவதற்குள் அவரே எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இனிமே அஞ்சு மணிக்கே பாதிப் பேரு மடிக்க ஆரம்பிச்சிருங்க. ஆறு மணிக்கு விரல வச்சவுக எல்லாம் கெளம்பிருங்க. லெட்டர் கிட்டர் எதுவும் வேணாம்."

அத்தனை நாள் மடித்த மணி நேரங்களைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்று இப்போதும் சில நாள் தோன்றுகிறது. தீபாவளிக் கூட்டம் வரும்போது என்ன சொல்வாரோ என்ற பயமும் இருக்கிறது.

மகளுக்குக் கீழ்ப்பல் இரண்டு வந்துவிட்டது. பால் குடிக்கும்போது கடிக்கிறாள். "பகலெல்லாம் என்கிட்டச் சிரிச்சுட்டு, ஒன்னையக் கண்டா என்னைய யாருன்னே தெரியல பாரு இவளுக்கு" என்று நாத்தனார் குறைபட்டுக்கொள்கிறார். வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கிறது.