அண்ணி என்னை நடக்க வைத்த நாட்கள்

ஐம்பத்து மூன்று வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். பெரிதாக ஒன்றும் விழுந்துவிடவில்லை. சோப்பு நுரையில் கால் போனது, வலது கையை ஊன்றினேன், அவ்வளவுதான். ஆனால் உள்ளே ஏதோ ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது. என் கணவர் ரயில்வேயில் ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருந்தார். எழுப்பி ஆட்டோ பிடித்து எலும்பு டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்.

"மாதவிலக்கு நின்னு எத்தன வருஷம் ஆவுது?"

முறிவைப் பற்றித்தான் கேட்பார் என்று உட்கார்ந்திருந்தேன். மூன்று வருஷம் என்றேன்.

"அதான். இந்த மாதிரி சின்னதா விழுந்ததுக்கெல்லாம் எலும்பு முறியக் கூடாதும்மா. எலும்பு மெலிஞ்சிருக்குது. கட்டு பிரிச்சதும் நடக்கணும், வெயில்ல நிக்கணும், சாப்பாட்டப் பாத்துக்கணும். சரி பண்ணிக்கலாம்."

கடைசியில் அவர் சொன்ன 'சரி பண்ணிக்கலாம்' என் காதில் விழவே இல்லை. மெலிந்துவிட்டது என்பது மட்டும்தான் விழுந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இனி நான் அவ்வளவுதான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஊரில் ஒரு சின்ன பீங்கான் பட்டறையில் முப்பது வருஷமாக வேலை செய்கிறவள். கூழாகக் கரைத்த களிமண்ணை அச்சில் ஊற்றி எடுத்த பொம்மைகளில், இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் ஒரு மெல்லிய கோடு இருக்கும். அதைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவது என் வேலை. வலது கை இல்லாமல் அதில் ஒன்றும் ஓடாது. வீட்டிலும் அப்படித்தான். பெண்கள் இரண்டு பேருக்கும் கல்யாணமாகி, ஒருத்தி கோயம்புத்தூரிலும் இன்னொருத்தி ஓசூரிலும் இருந்தார்கள். பெரியவளுக்குக் கைக்குழந்தை. சின்னவளுக்கு லீவு இல்லை.

என் கணவர் யாரையும் கேட்காமல் தன் அக்காவுக்குப் போன் போட்டுவிட்டார்.

நான் அண்ணி என்று கூப்பிடுவது அவரைத்தான். நல்லூர் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தார். அப்போது அறுபத்திரண்டு வயது. வீட்டுக்காரர் இறந்த பிறகும் ஒன்றரை ஏக்கர் நிலத்தைத் தானே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் இருவருக்கும் பேச்சு இருந்தது, ஆனால் கல்யாணம் கருமாதியில் பார்த்தால் "வாங்க, சாப்டீங்களா" என்பதோடு சரி. காரணம் பழசு. எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவர் என் மாமியாரிடம், மண்ணில் உழலுகிற வேலைக்கு நம் வீட்டு மருமகள் போனால் மானம் போகும் என்று சொன்னார். மாமியார் என்னை நிறுத்திவிட்டார். இரண்டு வருஷம் வீட்டில் இருந்தேன். பிறகு என் கணவர் பேசித்தான் மறுபடி போனேன். அந்த இரண்டு வருஷத்தை நான் மறக்கவில்லை.

அண்ணி பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒரு கட்டைப்பையில் கேழ்வரகு மாவு, எள்ளு, ஒரு கட்டு முருங்கைக் கீரை. என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"தல வாரி எத்தன நாளு ஆச்சி?"

"மூணு நாளு."

"உக்காரு."

அன்று அவர் என் தலையைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டார். அதுகூடப் பரவாயில்லை. மறுநாள் குளிப்பாட்டுவதற்கு வந்து நின்றபோதுதான் எனக்கு உயிரே போய்விட்டது. பெற்ற பெண் முன்னால்கூட நான் அப்படி நின்றதில்லை. கட்டுப் போட்ட கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன். அவர் முதுகுக்குத் தண்ணீர் ஊற்றியபடி, கொல்லையில் எலி கடலையைத் தின்றுவிட்டுப் போகிற கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கூச்சப்படுவதைக் கவனிக்காத மாதிரி இருப்பதற்காகத்தான் அந்தக் கதை என்று பிறகு புரிந்தது.

அவருக்கு வீட்டுக்குள் அடைந்து கிடக்க முடியாது. விடிந்ததும் எங்கள் ஊர் பழமலைநாதர் கோயில் மதிலைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு வருவார். நாலாவது நாள் என் எதிரில் செருப்பைக் கொண்டுவந்து போட்டார்.

"கெளம்பு."

"கட்டு போட்ட கையோட ரோட்ல போனா எல்லாரும் நிறுத்தி நிறுத்திக் கேப்பாங்க அண்ணி."

"கேக்கட்டும். நாப்பது பேரு கேட்டா நாப்பது வாட்டி சொல்லு. வாய் முறியலல்ல?"

முதல் நாள் கிழக்கு கோபுரத்தைத் தாண்டி மதிலின் ஒரு பக்கத்தை முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. முப்பது வருஷம் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்த கால்கள். வேலை செய்கிற உடம்பு, இதற்கு மேல் என்ன நடை என்று இருந்தவள் நான். என் கையும் முதுகும்தான் வேலை செய்தன, கால்கள் சும்மா கிடந்தன என்பது அந்த மதிலோரத்தில்தான் தெரிந்தது.

இரண்டாவது வாரம் ஒரு காலை, நடந்துகொண்டிருக்கும்போதே நெஞ்சிலிருந்து ஒரு அனல் கிளம்பி முகத்துக்கு ஏறியது. ஜாக்கெட் நனைந்துவிட்டது. மூன்று வருஷமாக வந்துகொண்டிருந்ததுதான். பட்டறையில் சூளைக்குப் பக்கத்தில் இருப்பதால் வருகிறது என்று மற்றவர்களுக்குச் சொல்லிச் சமாளித்து வந்தேன். அன்று அண்ணி முன்னால் மறைக்க முடியவில்லை. அவர் என்னை டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து, முந்தானையால் விசிறினார்.

"எத்தன நாளா இது?"

"ரொம்ப நாளா. யார்கிட்டயும் சொல்லல."

"எனக்கும் வந்துச்சி. அஞ்சி வருஷம். காத்து கருப்பு அண்டிடுச்சின்னு பயந்து போயி கயிறெல்லாம் கட்டிக்கிட்டன். பொறவு ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒருத்தவங்கதான் சொன்னாங்க, இது எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதான், போயிடும்னு. யாராவது மொதல்லியே சொல்லியிருந்தா அந்த அஞ்சி வருஷம் பயப்படாம இருந்துருப்பன்."

நான் அழுதுவிட்டேன். வலிக்காக இல்லை. இதை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்ல முடிந்ததற்காக. கடைக்காரர் எதையும் பார்க்காதவர் மாதிரி இரண்டு டீயை வைத்துவிட்டுப் போனார்.

ஆறு வாரத்தில் கட்டைப் பிரித்தார்கள். கை வாடிப்போய் யாருடையதோ மாதிரி இருந்தது. விரலை மடக்கினால் முழுதாக மடங்கவில்லை. பந்தை அழுத்திப் பழகச் சொன்னார் டாக்டர். என் கணவர் ரப்பர் பந்து வாங்கி வந்தார், அது எனக்குப் பிடிபடவில்லை. பட்டறைக்குப் போன் செய்து ஒரு உருண்டை களிமண் கேட்டேன். கூட வேலை செய்கிறவள் ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். அதைத் தொட்டதும் விரல்களுக்குத் தங்கள் வேலை ஞாபகம் வந்துவிட்டது. காலையும் மாலையும் பிசைந்தேன். அண்ணி எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு நாள் பாதியைக் கிள்ளி எடுத்துத் தானும் பிசைய ஆரம்பித்தார்.

"சப்பாத்தி மாவ வுட நல்லாதான் இருக்குது" என்றார்.

கை தேறியதும் அவர் ஊருக்குக் கிளம்பியிருக்க வேண்டும். நான்தான் இன்னும் பத்து நாள் இருங்கள் என்றேன். என் கணவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பத்து நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்கு நடந்தே போகலாம் என்றார் அண்ணி. மூன்று கிலோமீட்டருக்குள்தான். ஆனால் எனக்குத் தயக்கம். காரணம் தூரம் இல்லை.

அந்தக் கோயிலில் சாமிக்குப் பிராது எழுதிக் கட்டுவது வழக்கம். நமக்கு அநியாயம் செய்தவர்கள் மேல் மனு மாதிரி எழுதி வைத்துவிட்டு வருவார்கள். காரியம் முடிந்தால் மறுபடி போய், பிராதைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்து ராஜினாமா செய்துவிட வேண்டும். வீட்டில் முடங்கிக் கிடந்த அந்த இரண்டு வருஷத்தில் நானும் ஒன்று எழுதிக் கட்டியிருந்தேன். பாதி வழிக்கு மேல் என்னால் சும்மா நடக்க முடியவில்லை.

"அண்ணி, இந்தக் கோயில்ல உங்க மேல நான் பிராது கட்டியிருக்கேன்."

அவர் நிற்கவில்லை. நாலைந்து எட்டு போன பிறகு கேட்டார். "எப்ப?"

"என்ன வேலைக்குப் போவ வேணாம்னு அத்தைகிட்ட சொன்னீங்கல்ல. அப்ப."

"என்னா எழுதின?"

"எனக்கு வேலை திரும்பக் கெடைக்கணும். நீங்க எங்க வூட்டுப் பக்கமே வரக் கூடாது."

"மொத பாதி நடந்துருச்சி. ரெண்டாவத சாமி சரியாப் படிக்கல போல" என்று சொல்லிவிட்டு, ரோட்டோரப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நான் அப்பிடிச் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்குது. பத்தாவதோட என்னய நிறுத்திட்டாங்க. டீச்சர் ட்ரெயினிங் போவணும்னு எத்தன நாளு அழுதன் தெரியுமா? நான் பொறந்த வூட்டுக்கு வந்தா, நீ டிபன் டப்பாவ எடுத்துக்கிட்டு காலையில ஜம்முனு கெளம்புவ. எனக்குப் பாக்க ஆவல. மானம் அது இதுன்னு பேசினதெல்லாம் சும்மா. வயித்தெரிச்சல்தான்."

இத்தனை வருஷமாக என்னென்னவோ பதில்களை மனசுக்குள் தயாராக வைத்திருந்தேன். அவை எல்லாம் மானம் என்ற பேச்சுக்கான பதில்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ் ஒன்று எங்கள் மேல் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போனது. "எந்திரி, வெயில் ஏறுது" என்றார்.

கோயிலில் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். எந்த வருஷம் கட்டியது என்று கேட்டார்கள். சரியாகத் தெரியவில்லை என்றேன். அண்ணி பின்னால் நின்றுகொண்டு, "அவ ரெண்டாவது பொண்ணு பொறக்கறதுக்கு முந்தி" என்று எடுத்துக் கொடுத்தார். திரும்பி வரும்போதும் நடந்துதான் வந்தோம்.

அதற்குப் பிறகு வேலைக்குப் போனேன். ஆனால் பழையபடி இல்லை. பட்டறைக்காரரிடம், தரைக்குப் பதிலாக ஒரு உயரமான மேசை போட்டால் கொஞ்ச நேரம் நின்றும் வேலை செய்யலாம் என்று கேட்டேன். முப்பது வருஷத்தில் நான் அவரிடம் கேட்ட முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும். பழைய பலகையை இரண்டு இரும்புக் கால்மேல் போட்டுக் கொடுத்தார். இப்போது பட்டறையில் வேலை செய்கிற பெண்கள் ஐந்து பேரும் மாறி மாறி நிற்கிறோம். அதில் மூன்று பேர் காலையில் என்னோடு மதிலைச் சுற்றவும் வருகிறார்கள். ஒருத்திக்கு இப்போதுதான் நாற்பத்தெட்டு. அனல் வர ஆரம்பித்திருக்கிறது. அது என்னவென்று அவளுக்கு முதலிலேயே தெரியும். நாங்கள் சொல்லிவிட்டோம்.

எனக்கு ஐம்பத்தெட்டு ஆகிறது. முழங்கால் மழைநாளில் வலிக்கத்தான் செய்கிறது. ராத்திரி ஒரு முறை முழிப்பு வருகிறது. ஆனால் கோயில் மதிலை மூன்று சுற்று சுற்றுகிறேன். காலையில் கேழ்வரகுக் கூழ் குடிக்கிறேன், எள்ளுருண்டை தின்கிறேன். போன வருஷம் மறுபடி எலும்பைப் பரிசோதித்த டாக்டர், மேற்கொண்டு மெலியவில்லை, இதே மாதிரி இருங்கள் என்றார். இந்த முறை அவர் சொன்ன எல்லாம் காதில் விழுந்தது. முறிந்த அந்தக் கைக்குக்கூட நான் நன்றி சொல்ல வேண்டும். அது முறியாமல் இருந்திருந்தால் அண்ணியை ஒரு கோபமாகவே வைத்துக்கொண்டு செத்திருப்பேன்.

முந்தாநாள் அவர் போன் செய்தார். கண்ணில் புரை, ஆபரேஷனுக்கு அடுத்த வாரம் இங்கே வருகிறார்.

"பத்து பாஞ்சி நாளைக்குக் குனியக் கூடாதாம், தலைக்குத் தண்ணி ஊத்தக் கூடாதாம். உனக்குத் தொந்தரவுதான்."

"நான் லீவு சொல்லிட்டேன் அண்ணி. நீங்க வாங்க."

"சரி. பஸ் ஸ்டாண்டுக்கெல்லாம் வராத. நானே நடந்து வந்துருவன்."

சரி என்று சொல்லிவிட்டேன். போகத்தான் போகிறேன்.