வரேம்மா

நீங்கள் நம்ப வேண்டும் என்று இதை எழுதவில்லை. 1991 ஏப்ரலில் நடந்தது. அந்த ரிசீவரைக் காதில் வைத்தவள் நான்.

என் அண்ணன் முனிராஜ், ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கங்கப்பன் மெஸ்ஸில் சப்ளையராக இருந்தான். நான் நூலகத்திலிருந்து மொழிபெயர்ப்பு நாவல்களாக எடுத்து வந்து படிப்பேன். பனி கொட்டும் ஊர்கள், சரவிளக்கு தொங்கும் விடுதிகள். அவனுக்கும் அவற்றைச் சொல்வேன். "அந்த ஊர்லயும் பசிக்கும்ல பாப்பா? அப்போ சர்வர் வேணும்ல?" என்பான். இடது கையில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு, "வெல்கம் சார்" என்று அம்மாவுக்குக் களி வைப்பான்.

கங்கப்பன் விடமாட்டார். "ஏன்டா தொரை, என் மெஸ்ல எலை எடுக்கக் கசக்குதா? அங்கயும் இதேதான். கோட்டு மாட்டிக்கினு எடுக்கணும்!"

பெங்களூர் ஏஜெண்டு ஒருவன் மஸ்கட்டில் சர்வர் வேலை என்றான். அண்ணன் போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, பின்கட்டில் பாத்திரம் கழுவ விட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் மெஸ் போனுக்குப் பேசுவான்; நானும் அம்மாவும் அங்கே போய்க் காத்திருப்போம். "அடுத்த வாரம் சர்வர் ஆக்கிடுவாங்க பாப்பா." எப்போதும் அடுத்த வாரம்தான். அம்மாவுக்கு அதெல்லாம் வேண்டாம். அவன் திரும்பி வந்தால் போதும்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை 6.40. கரண்டு போய்விட்டது. போன் ஒரே ஒரு தடவை அடித்தது.

எடுத்தேன். அந்த வெக்கையிலும் ரிசீவர் சில்லென்று இருந்தது. வழக்கமான இரைச்சல் இல்லை. அவனுக்குப் பின்னால் தட்டுகள் மோதும் சத்தமும் இல்லை. ஏதோ பெரிய மெஷின் ஓடுவது போல, ம்ம்ம்ம்... என்று ஒரு முனகல் மட்டும்.

"பாப்பா."

பக்கத்து அறையில் நின்று கூப்பிடுவது போல இருந்தது.

"எங்கண்ணா இருக்கே?"

"உள்ள."

"எங்க உள்ள?"



டக்... டக்... டக்...

"என்னண்ணா சத்தம்?"

"கதவு."

"யாரு தட்றாங்க?"

"நான்தான்."

என் காது மரத்துப்போனது.

அம்மா ரிசீவரைப் பிடுங்கினாள். "எப்ப சாமி வர்றே?"

"வரேம்மா."

அவ்வளவுதான். லைன் அறுந்தது.

"கங்கப்பண்ணா, எம்புள்ள வர்றானாம்! வரேன்னுட்டான்!" அம்மா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் வளர்த்த கோழியை அறுத்துக் குழம்பு வைத்தாள். பஸ் ஸ்டாண்டில் போய் நின்றாள். பெங்களூர் பஸ் ஒவ்வொன்றிலும் இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்தாள். குழம்பு கெட்டுப்போனது. திங்கட்கிழமை தந்தி வந்தது.

எங்கள் ஊரில் மூன்று பாஷை புழங்குகிறது. ஆனால் எந்தப் பாஷையிலும் கிளம்புகிறவர் 'போறேன்' என்று சொல்லமாட்டார். தமிழில் 'வரேன்'. தெலுங்கில் 'வஸ்தானு'. கன்னடத்தில் 'பர்த்தீனி'. மூன்றுக்கும் ஒரே அர்த்தம். போகிறவர் சொல்வது அதுதான்.

அண்ணன் எங்களிடம் சொல்லிக்கொண்டு போயிருக்கிறான்.

அண்ணனின் உடல் இருந்த பெட்டியோடு வந்தவர் சென்னகிருஷ்ணன். போச்சம்பள்ளிக்காரர். அண்ணனோடு அதே ஹோட்டலில் வேலை பார்த்தவர். அடக்கம் முடிந்தபின் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"வியாழக்கிழமை ராத்திரி பழைய ஐஸ் ரூமுக்கு மீன் எடுக்கப் போனாம்மா. கதவு சாத்திக்கிச்சு, உள்ளருந்து தொறக்க வராது. அதை யாரும் அடிக்கடி தொறக்க மாட்டாங்க. வெள்ளிக்கிழமை ராத்திரிதான் பார்த்தோம். விடிகாலையிலயே உயிர் போயிருச்சுன்னார் டாக்டரு."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்ககிட்ட பேசினானே..."



"உள்ள ஏதும்மா போனு?"

 பிறகு அம்மாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"அதே வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஓரத்து மேசையில ஒரு கேரளாக் குடும்பம். சாப்ட்டு முடிச்சு மேனேஜரைக் கூப்ட்டாங்க. புதுசா வந்த சர்வர் ரொம்ப மரியாதையாப் பரிமாறினான், கைதான் பாவம் ஐஸ் மாதிரி இருக்குன்னாங்க. அப்படி யாரும் இல்லியேன்னார் மேனேஜர்."

"அப்புறம்?"

"தட்டெல்லாம் காலியா இருந்திச்சும்மா. ஆனா அந்த மேசைக்கு நாங்க யாரும் சாப்பாடு எடுத்துக்கினு போவல."