வெள்ளிக்கிழமை கழற்றிய ஷூ

மயிலாப்பூரில் ஒரு சைவ ஹோட்டல் சமையல்கட்டில் நான் சூப்பர்வைசர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அங்கே தரை எப்போதும் பிசுபிசுவென்று இருக்கும்: வடை எண்ணெய், மாவுத் தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு நுரை. வழுக்காத அடிப்பாகம் வைத்த ஷூவை நிர்வாகம் எல்லோருக்கும் வாங்கித் தந்தது. மற்றவர்கள் கால் வேகிறது என்று முனகினார்கள். வடை மாஸ்டருக்கு மட்டும் அப்படி ஒரு சந்தோஷம். ஏற்கெனவே இரண்டு தடவை விழுந்து எழுந்த மனிதர். ஈரத்தில் வேண்டுமென்றே காலைத் தேய்த்துக் காட்டி, "பாருங்க சார், தரைய கவ்விக்கினு நிக்குது" என்பார்.

வெள்ளிக்கிழமை காலையில் அடுப்புக்குப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டிவிட்டுத்தான் பற்றவைப்போம். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஷூவோடு அடுப்பு முன்னால் நின்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அடுப்பாண்ட செருப்புக்காலோட நிக்கிறீங்களே, கழட்டுங்க."

"செருப்பு இல்ல சார், ஷூ."

"எல்லாம் ஒண்ணுதான். வெளிய விடுங்க."

விட்டார். கற்பூரம் அணைந்ததும், போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். "ஒரு நாள் வெறுங்காலோட இருந்தா கொறஞ்சா போயிடுவீங்க?" என்றேன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

பத்து மணிக்குக் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியை இறக்கித் திரும்பியவருக்குக் கால் வழுக்கியது. அந்த அலறலை எழுத எனக்குத் தெம்பில்லை. வலது கை முழங்கைவரை வெந்துபோயிற்று.

விபத்து அறிக்கையை நான்தான் எழுதினேன். 'பாதுகாப்பு ஷூ அணியாமல் பணியில் இருந்தார்.' ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. கழற்றச் சொன்னது யார் என்று படிவத்தில் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த ஒரு வரியை வைத்தே அவரை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். என்னைப்போல ஒரு கோழையை நான் பார்த்ததில்லை.

அறிக்கையை மாற்றி எழுதித் தருகிறேன் என்று சொல்லத்தான் ஆதம்பாக்கத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் வார்த்தையை ஒத்திகை பார்த்தேன். வாசலில் பழக்கதோஷத்தில் ஷூவைக் கழற்றக் குனிந்தேன். உள்ளே கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தவர் பதறிப்போய் எழுந்தார்.

"கழட்டாதீங்க சார். வீட்டுல இப்பத்தான் தரைய தொடச்சாங்க, ஈரமா கீது. வழுக்கும்."

போட்டுக்கொண்டே உள்ளே போனேன். காபி கொடுத்தார்கள், குடித்தேன். சொல்ல வந்ததைச் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன். அறிக்கை இன்னும் அப்படியேதான் இருக்கிறது.