அக்கரையில் கிடந்த லைசென்சு

மருதம்மாளின் புருஷன் ராமையா, மலாயாவில் கெடா மாநிலத்துச் சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் லோரி டிரைவர். ஜப்பான்காரன் வந்த பிறகும் லோரி ஓடியது, அவரும் ஓட்டினார். போனவன் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்குத் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்தார்கள். டிரைவரைத் தொடமாட்டார்கள் என்ற தைரியத்தில், மற்றப் பெண்களைப்போல வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்ளாமல் மருதம்மாள் பால்மரம் வெட்டப் போய்வந்தாள்.

ஒருநாள் மூடா ஆற்றைத் தாண்டிப் பினாங்கு மாநிலத்துப் பக்கம் சுமை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, பின்விளக்கு எரியவில்லை என்று அந்த ஊர்ப் போலீஸ் ராமையாவை நிறுத்தியது. சம்மன் எழுதிக் கொடுத்து, லைசென்சை வாங்கி வைத்துக்கொண்டது. கெடா ஆளை வீடு தேடி வந்தா பிடிக்க முடியும்? லைசென்சு இங்கே கிடந்தால் ஆள் தானாக வருவான் என்ற கணக்கு.

ராமையா போகவில்லை. அந்த மாநிலத்துக் கேஸ் ஆற்றைத் தாண்டாது என்று கூட்டாளி டிரைவர்கள் சொன்னார்களாம், இவரும் நம்பிவிட்டார். பெரிய கெட்டிக்காரர், போங்கள்! சொன்னபடி கேஸ் தாண்டத்தான் இல்லை. லைசென்சும் தாண்டவில்லை.

சயாமுக்கு ஆள் போதாமல் போனபோது தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வீரசாமி லைசென்சைக் கேட்டார். நாளை மத்தியானம் ஆட்களை ஏற்றுவதற்குள் லைசென்சைக் காட்டினால் டிரைவர், இல்லாவிட்டால் சயாமுக்குக் கூலி என்றார். ராமையா தோட்டத்தை விட்டு நகரவும் கூடாதாம்.

மருதம்மாள் சம்மனை மடியில் செருகிக்கொண்டு கிளம்பினாள். பாதி தூரம் நடை, மீதி மாட்டுவண்டி. ஓட்டினவன்தான் வரவேண்டும் என்று அக்கரைப் போலீஸ் நிலையத்திலிருந்த போலீஸ்காரர் விரட்டினார். அவள் இரவெல்லாம் வாசலிலேயே கிடந்தாள். விடிந்ததும் அவருக்கே மனசு கேட்காமல், அபராதம்கூட வாங்காமல் லைசென்சைக் கையில் கொடுத்து, விளக்கைச் சரி பண்ணச் சொல்லி அனுப்பினார்.

திரும்பும் வழியில், மத்தியானம் தாண்டிய நேரத்தில், சுங்கைப் பட்டாணி ரயில் நிலையத்து வாசலில் தோட்டத்து லோரி நின்றது. பின்னால் ஆள் இல்லை. ரயில் போய்விட்டிருந்தது. கிராணி மட்டும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

மருதம்மாள் லைசென்சை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

“லோரிய யாருங்க ஓட்டிக்கிட்டு வந்தது?” என்று கேட்டாள்.

“வேற யாரு இருக்கா, மருதம்மா? உன் புருசன்தான். வழியெல்லாம் உன்னத் தேடிக்கிட்டே மெதுவா ஓட்டினான். சாவிய எங்கிட்ட கொடுத்துட்டு அவனும் ரயில்ல ஏறிட்டான்.”

அவளுக்கு அழுகை வரவில்லை.

“லைசென்சு இல்லாத ஆளு எப்படிங்கய்யா லோரி ஓட்டலாம்?” என்றாள்.

நீட்டிய கையை மடக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.