அண்ணாச்சி நின்று கேட்ட வசவு

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டில் ஒரு பெண் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். முடியிலும் புருவத்திலும் பஞ்சுத் தூசி. காற்றடிக்கும்போதெல்லாம் அவள் சேலையிலிருந்து மில் வாசனை வந்தது. பஞ்சும் மிஷின் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்த வாசனை அது. பிடிக்காதவர்களுக்கு நாற்றம். என் வீட்டுக்காரர் சட்டையில் வருஷக் கணக்காக அதை முகர்ந்தவள் நான். அது வந்தால் அந்த மாதம் அடுப்பு எரியும் என்று அர்த்தம்.

ஒரு காலத்தில் அந்த வாசனை எங்கள் வீட்டை விட்டே போய்விட்டது. மின்வெட்டு நாட்களைச் சொல்கிறேன். உங்களுக்கும் நினைவிருக்கும். எப்போது கரண்ட் போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மில்லில் முதலில் ஒரு ஷிப்டை நிறுத்தினார்கள். பிறகு இன்னொன்றை. என் வீட்டுக்காரர் குளித்து, வெளுத்த சட்டை போட்டு, சோப்பு வாசனையோடு வீட்டில் உட்கார்ந்திருப்பார்.

அந்த நேரத்தில்தான் தேர்தல் வந்தது, எனக்கு வேலையும் வந்தது. எனக்குக் கொஞ்சம் குரல் உண்டு. கோயில் திருவிழாவில் காணாமல் போன பிள்ளைகளைப் பற்றி மைக்கில் அறிவிப்பேன். "சிவப்புக் கால்சட்டை போட்ட பையன் அழுதுகொண்டே மேடைக்கு அருகில் நிற்கிறான்" என்று நான் சொன்னால், பிள்ளையைத் தொலைக்காத தாய்மார்கள்கூட ஓடி வருவார்கள். அப்படி உருக்கமாகச் சொல்வேன் என்று பெயர். அந்தக் குரலைத்தான் ஆளுங்கட்சிக்காரர்கள் ஆட்டோவில் ஏற்றினார்கள். கட்சிப் பெயர் வேண்டாம். எந்தப் பெயரைப் போட்டாலும் ஏதோ ஒரு வருஷத்துக்குப் பொருந்தும்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வீட்டுக்காரர் கரண்ட் இல்லாமல் வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். நான் தெருத் தெருவாக "ஒளிமயமான ஆட்சி தொடர" என்று கூவுகிறேன். மைக் செட் ஆட்டோ பேட்டரியில் ஓடுவது. கரண்ட் போன தெருவில் டிவி இல்லை, மிக்சி இல்லை, மின்விசிறிச் சத்தம்கூட இல்லை. ஊரே அமைதியாக இருக்க, "ஒளிமயமான" மட்டும் கணீரென்று ஒவ்வொரு அடுப்படிக்கும் போய்ச் சேரும். என் குரல் அவ்வளவு தெளிவாக எப்போதும் கேட்டதில்லை.

எங்கள் வார்டில் அந்தக் கட்சிக்கு எல்லாமே கருப்பசாமி அண்ணாச்சிதான். ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், பள்ளிக்கூட சீட்டு என்று எதற்கும் கூடவே வந்து நிற்கிற மனுஷன். அவரும் மில் தொழிலாளி. என் வீட்டுக்காரருக்குப் போன அதே ஷிப்டுதான் அவருக்கும் போயிருந்தது. அவர் சம்சாரம் வீட்டிலேயே ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி சுருட்டிக் கொடுத்துக் கஞ்சிக்கு வழி பண்ணிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் இடுப்பில் கட்சிக் கரை போட்ட வேட்டி இருந்ததே. எங்கள் தெருவுக்கு அரசாங்கம் என்றால் அந்தக் கரைதான். கரண்ட் போனாலும் வசவு வாங்குவது அவர், நூல் விலை ஏறினாலும் அவர், பருப்பு விலை ஏறினாலும் அவர்தான். கூமாப்பட்டியிலிருந்து வந்திருந்த யாரோ ஒருவர், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச மோட்டார் ஓடவில்லை என்று இவரிடம் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். கூமாப்பட்டி எங்கே, இவர் வார்டு எங்கே.

டீக்கடையில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். டெல்லிக்காரன் கரண்ட் தரவில்லை என்பார் ஒருவர். முந்தின ஆட்சி ஒரு புது மின்நிலையம்கூடக் கட்டவில்லை என்பார் இன்னொருவர். முதலாளிமார் சாக்குக் கிடைத்ததென்று ஆளைக் குறைக்கிறார்கள் என்று மெதுவாகச் சொல்கிறவரும் உண்டு. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. அதுதான் சிக்கல்.

வீடு வீடாக ஓட்டுக் கேட்கிற நாள் வந்தது. தெருமுனை வந்ததும் அண்ணாச்சி ஆட்டோவை நிறுத்தச் சொன்னார்.

"மைக்க அமத்து தாயி. அது ஓடுனா அவிய சொல்லுறது எனக்குக் கேக்காது."

வேட்பாளர் கார் பின்னால் எங்கோ மாலை வாங்கிக்கொண்டிருந்தது. இவர் செருப்பை ஆட்டோவிலேயே விட்டுவிட்டு முதல் வீட்டு வாசலில் போய் நின்றார். டிரைவர் பாண்டியும் நானும் நோட்டீஸோடு பின்னால் போனோம். முதல் வீட்டுக்காரம்மா தெலுங்கு பேசுகிறவர். என்ன இருந்தாலும் பழகிய மனுஷனாயிற்றே, தெருவுக்குப் புரிகிற மாதிரித் தமிழில் வையக் கூடாது என்று அந்தம்மா தெலுங்கிலேயே வைதார். "சிக்கு லேதா" என்றது எனக்கே புரிந்தது. வெட்கமில்லையா என்று கேட்கிறார். மில்லில் பாதிப் பேரோடு தெலுங்கிலேயே பேசி வேலை பார்த்தவர் அண்ணாச்சி. அவருக்கு ஒரு சொல் விடாமல் புரிந்திருக்கும். முழுவதையும் கேட்டுவிட்டு, கும்பிட்டு, அடுத்த வாசலுக்குப் போனார்.

அடுத்தது சீனியம்மா வீடு. மில்லில் நூல் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் வேலை பார்த்து நின்றவள். அவள் புருஷனுக்கு நெஞ்சில் பஞ்சு கட்டி இழுப்பு. ஆவி பிடிக்க ஒரு சின்ன மிஷின் வாங்கி வைத்திருந்தார்கள். கரண்ட் இருந்தால்தானே அது ஓடும்.

"நேத்து எம்புட்டு நேரம் இழுத்துச்சு தெரியுமா அண்ணாச்சி," என்றாள் சீனியம்மா. குரல் உயரவே இல்லை. "மிஷினக் கையில வச்சுக்கிட்டு கரண்டு வருமா வருமான்னு பாத்துக்கிட்டே இருக்கேன். அவரு என் மூஞ்சியப் பாக்காரு. நான் பல்பப் பாக்கேன். ஒங்க கட்சிக்காரவுக யாராச்சும் அப்பிடி ஒரு நாளு உக்காந்து பல்பப் பாத்துருக்கீகளா?"

உள்ளே கட்டிலிலிருந்து அந்த மனுஷன் மூச்சு விடுகிற சத்தம் வாசல் வரை கேட்டது. விசிலடிப்பது மாதிரி.

பாண்டிக்குப் பொறுக்கவில்லை. "யக்கா, இந்த வருசம் காத்து சரியா அடிக்கலக்கா. கரண்டு எடுக்குற காத்தாடியெல்லாம் சுத்தாமக் கெடக்கு. அதுக்குக் கட்சி என்ன செய்யும்?"

சீனியம்மா அவனைத் திரும்பிப் பார்த்தாள். "காத்து ஓட்டுக் கேட்டு என் வாசலுக்கு வந்துச்சாலே?"

அண்ணாச்சி பாண்டியின் தோளில் கை வைத்தார். "தங்கச்சி சொல்லுறது சரிடே. இந்தத் தெருவுக்கு ரோடு வந்தப்ப நாமதான் போட்டோம்னு வெடி வெடிச்சோம். அன்னைக்கு காத்து போட்டுச்சுன்னா சொன்னோம்?" பிறகு அவளிடம், "வையி தங்கச்சி. இன்னும் இருந்தாலும் சொல்லு," என்றார்.

அவள் இன்னும் இருந்ததைச் சொன்னாள். அவர் நின்றார். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. கடைசியில் அவளே அலுத்துப்போய் உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினாள். வைததற்கும் தண்ணீர் கொடுத்ததற்கும் அவள் முகத்தில் ஒரே கோபம்தான் இருந்தது. அவர் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அன்று தெரு முழுக்க அப்படித்தான். எந்த வாசலிலும் அவர் தனக்கும் வேலை போனதைச் சொல்லவில்லை. நான் நோட்டீஸ் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் முதுகையே பார்த்தபடி பின்னால் போனேன்.

வாக்குப்பதிவு நாளில் பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே எல்லாக் கட்சிக்காரர்களும் மேசை போட்டு பூத் சிலிப் கொடுத்தார்கள். எங்கள் தெருக்காரர்கள் அண்ணாச்சி மேசைக்குத்தான் வந்தார்கள். அவருக்குத்தான் முகம் பார்த்தே சிலிப் எடுக்கத் தெரியும். வைத வாய் அத்தனையும் அவரிடம் சிலிப் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றது. வரிசையில் பேச்சே இல்லை. மாதக் கணக்காக டீக்கடையிலும் குழாயடியிலும் கத்திய தெரு அது. இப்போது சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் மாதிரி ஒருவர் பின் ஒருவராக உள்ளே போகிறது. ஓட்டு மிஷினிலிருந்து ஒரு நீளமான பீப் சத்தம். பிறகு அடுத்த ஆள். அவ்வளவுதான். இழுப்பு வந்த மூச்சு, நின்றுபோன ஷிப்டு, ஓடாத மோட்டார் எல்லாம் அந்தச் சத்தத்துக்குள் போய் அடங்கின. பெரிய பெரிய ஆட்கள் எங்கோ உட்கார்ந்து அதற்குப் பயந்துகொண்டிருந்தார்கள். எனக்குக் கோயில் கருவறை முன்னால் நிற்பது போலத்தான் இருந்தது.

கட்சி தோற்றது. எங்கள் பூத்தில் நன்றாகவே தோற்றது. என் உருக்கமான குரலுக்கு மயங்கி ஒரே ஒரு ஓட்டாவது விழுந்ததா என்று இன்றுவரை தெரியாது. என் வீட்டுக்காரர் யாருக்குப் போட்டார் என்று நான் கேட்டதில்லை. அவரும் என்னைக் கேட்டதில்லை.

முடிவு வந்த மறுநாள் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். தெருமுனையில் ஜெயித்தவர்கள் வெடித்த வெடித்தாள் குப்பையாகக் கிடந்தது. அண்ணாச்சி சம்சாரத்தோடு உட்கார்ந்து துணி சுருட்டிக்கொண்டிருந்தார். செத்த நேரத்தில் சீனியம்மா வந்தாள். குத்திக்காட்ட வருகிறாள் என்று நினைத்து எனக்குப் பதறியது.

"அண்ணாச்சி, மறைக்கப் பிடாது. ஒங்க கட்சிக்கு நான் போடல," என்றாள்.

"தெரியும் தங்கச்சி."

"அவருக்கு இழுப்பு சாஸ்தியாயிருச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாசுபத்திரிக்குக் கொண்டு போகணும். நீங்க வந்து சொன்னாத்தான் அங்கன காது குடுத்துக் கேப்பாக."

"இனி நான் சொல்லி யாரு கேப்பா? தோத்த கட்சில்லா."

"தோத்தது கட்சிதான. நீங்க எழுந்திரிங்க."

அவர் எழுந்து சட்டையை மாட்டினார். கரை வேட்டியைக் குனிந்து பார்த்து, "இதோட வரலாமா, மாத்திக்கிடவா?" என்று கேட்டார்.

"வேட்டி என்ன செஞ்சுச்சு," என்றாள் சீனியம்மா. "ஆட்டோ நிக்கி, வாங்க."

நான் பின்னாலேயே போய் சீனியம்மா வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவரைத் தோற்கடித்தவளும் அவரும் அந்த நோயாளியை ஆளுக்கொரு பக்கம் தாங்கி ஏற்றினார்கள். யாரைத் தண்டிப்பது, யாரைக் கூப்பிடுவது என்று அவளுக்கு எவரும் கற்றுக்கொடுக்கவில்லை. எனக்கு அந்தத் தெளிவு இன்னும் வரவில்லை.

அந்த மனுஷன் பிழைத்து வந்து, பிறகும் பல வருஷம் இருந்தார். கரண்ட் மெல்ல மெல்லச் சரியானது. என் வீட்டுக்காரர் வேறு மில்லுக்குப் போனார். அடுத்த தேர்தலில் தெரு வேறொரு வேட்டிக்காரரை நிறுத்தி வைதது. அண்ணாச்சி மகளோடு கோயம்புத்தூருக்குப் போய், அங்கேயே காலமானார். பிரச்சார ஆட்டோக்கள் இப்போதும் வருகின்றன. குரல் பென் டிரைவிலிருந்து வருகிறது. தெருமுனையில் நிறுத்தி அதை அணைப்பதற்கு உள்ளே ஆள் கிடையாது. வாசல்களில் எவரும் வந்து நிற்பதில்லை. இப்போது எங்கள் தெருவுக்குக் கட்சிக்கொரு வாட்ஸாப் குழு இருக்கிறது.

முந்தாநாள் சீனியம்மா தன் செல்போனை என்னிடம் நீட்டினாள். கேஸ் விலை ஏறியிருந்தது. குழுவில் தலைவர் படமும் சாதனைப் பட்டியலும் ஓடிக்கொண்டிருந்தன.

"ஏட்டி, இதுல எந்த எடத்துல வையணும்?" என்று கேட்டாள்.

திரையை வாங்கிக் கீழே வரை தள்ளிப் பார்த்தேன். நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்ப முடியும் என்று போட்டிருந்தது. வாசித்துக் காட்டினேன்.

"அப்ப பொறவு யாருகிட்டச் சொல்ல?" என்றாள்.